குறுக்கே வந்தவர்

பிப்ரவரி 6

வணக்கம்.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. பொய்யில் போணி பண்ணி எனக்குப் பழக்கமில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

நீங்கள் அமைச்சரைச் சுட்ட அன்று அவரோடு சேர்ந்து செத்துப்போனாரே கார் டிரைவர், நான் அவருடைய மனைவி. கோர்ட்டுக்கு நான் வந்ததே இல்லை. அப்போது வயிற்றில் பிள்ளை. பிறந்த பிறகு இடுப்பில் பிள்ளை, கையில் பிளாஸ்டிக் வாளி. தெருத்தெருவாக வாளி விற்றுப் பிழைத்தேன். இப்போது மொத்த வியாபாரம். தொட்டி, நாற்காலி, துடைப்பம், பினாயில் என்று வீட்டுக்கு வேண்டியதெல்லாம் வைத்திருக்கிறேன். ஆனாலும் வாளிக்காரம்மா என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்களை விடுதலை செய்யலாமா என்று பார்க்க அரசாங்கம் ஒரு குழு போட்டிருக்கிறதாம். பாதிக்கப்பட்ட குடும்பம் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம் என்று எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. அமைச்சரின் மனைவி காலமாகிவிட்டார். மகள் கடல் தாண்டிப் போனவர், திரும்பிப் பார்க்கவில்லை. மிஞ்சியது நானும் என் மகனும்தான்.

"விடவே கூடாதுன்னு சொல்லிடும்மா" என்கிறான் மகன். அவன் அந்த அமைச்சரின் கட்சியில்தான் இருக்கிறான். இந்தத் தேர்தலில் அவனுக்குச் சீட்டு என்று பேச்சு. தலைவரைக் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்து உயிரைக் கொடுத்த தியாகியின் மகன் அல்லவா. கட்சி ஆபீஸில் என் வீட்டுக்காரர் படத்தைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பறக்கிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். மீசை வேறு. அவருக்கு மீசை ஒழுங்காக முளைக்கவே முளைக்காது.

உங்களிடம் எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, அவர் நிஜமாகவே பாய்ந்தாரா? அவர் முழங்கால் வலிக்காரர். தெருவில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றால் தாண்ட மாட்டார், சுற்றிக்கொண்டு வருவார். அந்த மனுஷன் பாய்ந்தார் என்றால், வீட்டில் ஒருத்தி பிள்ளையைச் சுமந்துகொண்டு இருக்கிறாள் என்ற நினைப்பே இல்லாமல் பாய்ந்தார் என்றுதானே அர்த்தம்? எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. செத்தவரோடு மல்லுக்கு நிற்கிறாள் என்று கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது, நீங்கள் எப்படிப்பட்ட ஆள்? சரக்கைப் பார்க்காமல் நான் சரி என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை.

இதைப் பிரித்துப் படிக்கும் ஜெயில் அதிகாரி ஐயாவுக்கு: இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. படித்து முடித்ததும் உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.

வாளிக்கடைக்காரி

*

பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்குக் கடிதம் எழுதுகிறவள் என் தங்கை ஒருத்திதான். அவள் எழுத்து சாய்ந்திருக்கும். உறையில் இருந்த எழுத்து நிமிர்ந்து நின்றதைப் பார்த்ததுமே வேறு யாரோ என்று தெரிந்துவிட்டது. முதல் பத்தியைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். மிச்சத்தை மறுநாள்தான் படிக்க முடிந்தது.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். ஆலையில் வேலை. ஆலை வாசலில் மறியல் செய்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. உத்தரவிட்டவர் அந்த அமைச்சர். அண்ணன் வீட்டுக்கு வந்தது போர்வைக்குள்தான். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. துப்பாக்கி கொடுக்க ஆள் இருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று சொல்ல ஆள் இல்லை. இதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தூக்குத் தண்டனை. தனி அறை. விளக்கை அணைக்கவே மாட்டார்கள். கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகினேன். இன்றும் துணி இல்லாமல் தூக்கம் வராது. விடியற்காலையில் பூட்ஸ் சத்தம் என் கதவைத் தாண்டிப் போய்விட்டால்தான் எழுந்து பல் துலக்குவேன். தாண்டாவிட்டால் பல் துலக்கி என்ன பயன்? இப்படிச் சில வருஷங்கள் போன பிறகு ஆயுளாகக் குறைத்தார்கள். அதைச் சொல்ல வந்த வார்டர் எனக்கு இனிப்புக் கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டேன், விழுங்கத் தெரியவில்லை.

அம்மா இறந்தபோது போய்ப் பார்க்க அனுமதி கேட்டேன். கிடைத்தது. போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. இங்கேயே படித்தேன், இரண்டு பட்டம். இப்போது பினாயில் தயாரிக்கும் பிரிவில் வேலை. கையை எத்தனை கழுவினாலும் அந்த வாசனைதான்.

முதல் கேள்விக்கு: 'ஓட்டுநர் குறுக்கே பாய்ந்தார்' என்றுதான் தீர்ப்பில் இருக்கிறது. அவர் இடப்பக்கப் பின்கதவின் அருகே நின்றிருந்தார். அதற்குமேல் எழுத எனக்கு இயலவில்லை. ஊரே தியாகி என்று போற்றுகிறவரைப் பற்றி நான் பேசுவது தகாது.

தங்கள் கடிதத்திற்கு நன்றி.

*

மார்ச் 3

அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைவிட எனக்கு மூன்று நாலு வயது கூட இருந்தால் அதிகம். இந்த வயதில் ஐம்பதை நெருங்குகிற பிள்ளையைப் பெற என்னால் ஆகாது. என்ன கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் எதுவும் கூப்பிடாமல் எழுதுங்கள். நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

பினாயில் பிரிவில் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். உங்கள் ஜெயில் பினாயிலைக் கொஞ்ச நாள் நான் வாங்கி விற்றிருக்கிறேன். வாங்கிப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். "வாளிக்காரம்மா, இதுல பினாயில் எங்க இருக்கு, தண்ணிதான் இருக்கு. கொசுகூட குடிச்சிட்டு நல்லா இருக்கு" என்றாள் ஒருத்தி. அதோடு நிறுத்திவிட்டேன். அதிகாரி ஐயா இதையும் படிக்கட்டும்.

இப்போது நான் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். உங்களையும் அறியாமல் ஒரு வார்த்தை எழுதிவிட்டீர்கள். இடப்பக்கப் பின்கதவு.

டிரைவர் சீட்டு வலப்பக்கம். தீர்ப்பில் என்ன சொல்லியிருக்கிறது? சீட்டிலிருந்து பாய்ந்து குறுக்கே விழுந்தார் என்று. பாய்கிறவன் காரைச் சுற்றிக்கொண்டு வந்தா பாய்வான்? அந்த இடப்பக்கப் பின்கதவைப் பற்றி எனக்குத் தெரியும். அதன் பிடி உள்ளேயிருந்து வேலை செய்யாது. வெளியேயிருந்து கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். அந்தத் தூக்கு அவர் கைக்குத்தான் தெரியும். "கதவைச் சரி பண்ணுங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. அமைச்சரு உள்ள உக்காந்திருக்க, நான் ஓடிப்போயி தொறக்கிறதப் பாக்கிறதுல அவருக்கு ஒரு கெத்து" என்று வீட்டில் முணுமுணுப்பார்.

அன்றைக்கும் அவர் கதவு திறக்கத்தான் போயிருக்கிறார். சரிதானே?

தியாகியைப் பற்றி நான் பேசுவது தகாது என்று நீங்கள் பூசி மெழுகியிருப்பது எனக்காகவா உங்களுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. பூசினது காய்வதற்குள் உரித்துவிடுங்கள். அவர் என்ன செய்தார், என்ன பேசினார், நீங்கள் என்ன செய்தீர்கள்? மூன்றையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் குழுவுக்கு முன்னால் போய், 'எனக்கு ஒன்றும் தெரியாது, கட்சி சொல்வதுதான்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எனக்குக் கடையில் வேலை இருக்கிறது.

வாளிக்கடைக்காரி

*

மார்ச் 17

வணக்கம்.

நீங்கள் கேட்ட மூன்றையும் எழுதுகிறேன். இதை எழுதினால் நீங்கள் குழுவின் முன் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கூட்டம் முடிந்து அமைச்சர் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மனு கொடுக்க வந்தவர்கள் சிலர் காரைச் சுற்றி நின்றார்கள். நானும் கையில் மடித்த தாளோடு நின்றேன். அது வெறும் தாள். அதற்கடியில்தான் துப்பாக்கி. கண்ணாடியை இறக்குவார் என்று நினைத்தேன். இறக்கவில்லை. ஒரு பெரியவர் மனுவை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கண்ணாடியைத் தட்டினார். அமைச்சர் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளேயிருந்து கை காட்டினார். உங்கள் கணவர் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தார். மெதுவாகத்தான் வந்தார். காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார்.

கதவுக்கு முன்னால் நான் நின்றிருந்தேன். என் தோளில் கையை வைத்தார். "கொஞ்சம் தள்ளிக்க தம்பி, கதவு தொறக்கணும்" என்றார். பிறகு என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். "மனுதானே, இரு. நானே சொல்லி வாங்க வெக்கிறேன். கூட்டத்துல கசங்கிடப் போவுது, பாத்து" என்றார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வக்கீலிடமும் சொல்லவில்லை. தங்கையிடமும் சொல்லவில்லை.

அண்ணன் செத்த பிறகு யார் தம்பி என்றாலும் திரும்பிப் பார்க்கிற ஆளாகியிருந்தேன். கடைக்காரன் கூப்பிட்டாலும் திரும்புவேன். அன்றைக்கும் திரும்பினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். வேர்வை வழிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் அவர் என் தாளை வாங்கி உள்ளே நீட்டியிருப்பார். அமைச்சர் பிரித்துப் பார்த்து, ஒன்றுமே எழுதவில்லையே என்று கேட்டிருப்பார். எல்லாரும் சிரித்திருப்பார்கள். நான் வீட்டுக்குப் போயிருப்பேன். என்னால் முடியாமல் போய்விடும் என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் சுட்டேன். கோபத்தில் சுட்டேன் என்று ஊர் நினைக்கிறது.

அவர் குனிந்து பிடியைத் தூக்கிக்கொண்டிருந்தார். கதவு விலகியது. அவர் தலைக்கு மேலாகத்தான் குறி வைத்தேன். கதவு திறந்ததும் அவர் நிமிர்ந்தார். முதல் குண்டு அவருக்கு. அடுத்த இரண்டும் அமைச்சருக்கு.

விசாரணையில், "அண்ணன் குறுக்க வந்துட்டாரு, அண்ணன் குறுக்க வந்துட்டாரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தேனாம். அவர் தம்பி என்றார், எனக்கு அவர் அண்ணன் என்று வந்தது. அவ்வளவுதான். "எந்த அண்ணன்டா? உங்க கூட்டத்துக்குத் தலைவனா? பேரச் சொல்லு" என்று அடித்தார்கள். என் கையில் நகம் இல்லாமல் போனதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அடித்த அதிகாரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஏட்டு, "அண்ணே, இந்தாங்க" என்றார். அப்போதும் யாருக்கும் உறைக்கவில்லை. கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த, எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிற ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வெளியே போக அவருக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. போகும்போது, "இனிமே என்னை யாரும் அண்ணன்னு கூப்பிட வேணாம்னு போர்டு மாட்டப் போறேன்" என்றார்.

அண்ணன் யார் என்று அவர்களுக்குக் கடைசியில் புரிந்தபோது, 'குறுக்கே வந்துவிட்டார்' என்றதை 'குறுக்கே பாய்ந்தார்' என்று எழுதினார்கள். எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் திருத்தச் சொல்லவில்லை. பாய்ந்தவரைச் சுட்டேன் என்பது, மனுவை வாங்கித் தருகிறேன் என்றவரைச் சுட்டேன் என்பதைவிட எனக்கு வசதியாக இருந்தது.

அவர் உங்களையும் பிள்ளையையும் மறந்து எதுவும் செய்யவில்லை. கதவுதான் திறந்தார்.

*

ஏப்ரல் 9

வணக்கம்.

உங்களிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் ஒன்றை உங்களுக்குத் தெரிவிக்காமல் இருக்கக் கூடாது.

நேற்று உங்கள் மகன் என்னைப் பார்க்க வந்தார். என் கடிதத்தை உங்கள் கல்லாப்பெட்டியில் பார்த்துப் படித்துவிட்டதாகச் சொன்னார். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தார். நெற்றி அப்பாவின் அதே நெற்றி.

"நீங்க இவ்ளோ ஒல்லியா இருப்பீங்கன்னு நெனைக்கல" என்றார். பிறகு, "எங்கம்மாவுக்கு எதுக்கு அப்பிடி எழுதினீங்க?" என்று கேட்டார்.

"கேட்டாங்க."

"கேட்டா? இத்தன வருஷம் யாரு கேட்டும் சொல்லாதவருதானே நீங்க."

"இத்தன வருஷம் யாரும் கேக்கல தம்பி" என்றேன். தம்பி என்று வாயில் வந்துவிட்டது. அவருக்கு முகம் மாறியது. எனக்கும் உடனே தெரிந்தது. மன்னிக்கச் சொன்னேன்.

அவர் வந்தது ஒரு யோசனையோடு. அதை மறைக்காமல் சொன்னார், அதில் உங்கள் மாதிரி. அவர் அப்பா பாய்ந்தார் என்பதை நான் அப்படியே விட்டுவிட வேண்டும். குழு கேட்டாலும் தீர்ப்பில் உள்ளதுதான் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக அவர் கட்சியில் பேசி, 'தியாகியின் குடும்பம் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டது' என்று அறிக்கை விடச் செய்வார். கட்சி எதிர்க்காது. நான் வெளியே வந்துவிடலாம். "உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, எங்கப்பா பேரும் அப்பிடியே நிக்கும். யாருக்கு நஷ்டம், சொல்லுங்க" என்றார்.

யாருக்கு நஷ்டம் என்று எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. உண்மையில் ஆசையாக இருந்தது. ஒரு வார்த்தையை அது இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டால் போதும், கதவு திறந்துவிடும்.

"உங்க அம்மாகிட்ட கேக்கணும்" என்றேன்.

"அவங்ககிட்டயா? அவங்க ஒரு வாளிக்கு ரெண்டு வெல சொல்ல மாட்டாங்க" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை. எழுந்து போகும்போது திரும்பி வந்து, "தோள்ல கைய வெச்சாருன்னு எழுதியிருந்தீங்களே. எந்தத் தோள்?" என்று கேட்டார்.

வலது தோள் என்றேன். பார்த்துவிட்டுப் போனார்.

நீங்கள் எது சொன்னாலும் அப்படியே செய்கிறேன்.

*

ஏப்ரல் 18

நீங்கள் என்று எழுதிப் பார்த்தேன். பேனா ஓடவில்லை. நீ என்றே எழுதுகிறேன்.

அவர் கதவு திறந்ததை எழுதிய உன் கடிதம் வந்த அன்று கடையைச் சாத்திவிட்டேன். பிள்ளை பிறந்த பத்தாம் நாளே சரக்கு எடுத்தவள் நான். அவர் பேசியதைக் கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வேர்வையைக்கூடப் பார்த்துவிட்டுச் சுட்டிருக்கிறாய். இவ்வளவு நாள் நீ யாரோ, எங்கிருந்தோ வந்த தோட்டா என்று இருந்தேன். இப்போது உனக்குக் கை இருக்கிறது, கண் இருக்கிறது. அது எனக்குச் சுலபமாக இல்லை.

இன்னொன்றும் சேர்த்துக்கொள். செத்த மனுஷனோடு இருபத்தேழு வருஷம் நான் சண்டை போட்டிருக்கிறேன். "ஒங்கப்பாவுக்கு வீட்ட விட நாட்டு மேலதான்டா பாசம்" என்று பிள்ளையிடம் குத்திக் காட்டியே வளர்த்திருக்கிறேன். அவன் அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டு அந்தக் கட்சியில் போய்ச் சேர்ந்தான். எல்லாம் எதனால்? நீ ஒரு வார்த்தையைத் திருத்தச் சொல்லாததனால். உனக்கு அது வசதியாக இருந்ததனால்.

திட்டி முடித்துவிட்டேன். இனி மகன் விஷயம்.

உன்னைப் பார்க்க வந்ததை அவன் என்னிடம் சொல்லவில்லை. உன் அடுத்த கடிதத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். கடையில் ஆள் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"அப்பா பாய்ஞ்சாரா இல்லையான்னு இப்ப யாரும்மா கேட்டா?"

"நான் கேட்டேன்டா."

"தியாகி மகன்னாதான் சீட்டு. கதவு தொறந்தவர் மகன்னா எவன் ஓட்டுப் போடுவான்?"

"கதவு தொறந்தவர் மகன்தான்டா நீ. அதுக்கு நான் என்ன பண்ண?"

"அந்தாளு வெளிய வரட்டும்னுதானே நானும் சொல்றேன். ஒனக்கு வேண்டியதும் நடக்குது, எனக்கு வேண்டியதும் நடக்குது."

"எனக்கு வேண்டியது எதுன்னு உனக்குத் தெரியுமா?"

நாற்காலி வாங்க வந்த ஒருத்தர், "அப்பறமா வரட்டுங்களா" என்றார். "இருங்க, இது தினம் நடக்கிறதுதான்" என்று அவருக்கு நாலு நாற்காலியைக் கொடுத்து அனுப்பினேன்.

எனக்கு வேண்டியது இதுதான். கட்சி ஆபீஸில் பறக்கிற மாதிரி வரைந்திருக்கிற அந்த ஆளை எனக்குத் தெரியாது. நான் கட்டிக்கொண்டவர் காலை இழுத்து நடப்பவர். யாரென்றே தெரியாத ஒருத்தன் கையில் தாள் கசங்கிவிடப் போகிறது என்று கவலைப்படுகிறவர். அவரைத்தான் இருபத்தேழு வருஷம் கழித்துத் திரும்பக் கொடுத்திருக்கிறாய். மறுபடி பிடுங்கிக்கொள்ள உனக்கும் உரிமை இல்லை, என் மகனுக்கும் இல்லை.

குழுவிடம் நீ உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் உன்னை விடாமல் போகலாம். அதை நீ பார்த்துக்கொள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று உனக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். எனக்கே இன்னும் தெரியாது.

*

மே 2

வணக்கம்.

முந்தாநாள் குழுவினர் என்னைத் தனியாக விசாரித்தார்கள். தீர்ப்பில் உள்ள 'பாய்ந்தார்' தவறு என்றேன். 'வந்தார்' என்பதுதான் சரி என்றேன். அவர் பேசியதையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "இத நீங்க சொல்லியே ஆகணும்னு இல்ல, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். குழுத் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வர எனக்கு ஆசை இருக்கிறது. இல்லை என்று எழுதினால் அது மறுபடியும் பூசி மெழுகுவதாகிவிடும். உங்கள் ஊருக்கு அப்பால்தான் தங்கை ஊர்; அவள் வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறதாம். கதவுக்கு உள்ளேயும் தாழ்ப்பாள் உண்டு என்று எழுதியிருக்கிறாள். அந்தத் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டே சில நாள் ஓடிவிட்டது.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை இல்லை. இருந்தாலும் கேட்டால் அது வெளியே வருவதற்காகக் கேட்டதாக ஆகிவிடும். குழு முடிவு சொன்ன பிறகு, எதுவானாலும், ஒரு முறை எழுதிக் கேட்பேன். பதில் வேண்டாம்.

*

ஜூன் 11

உன்னை விடுவதாகப் பேப்பரில் வந்துவிட்டது. உனக்கும் சொல்லியிருப்பார்கள். நடந்ததை நான் எழுதாவிட்டால் பேப்பர்காரன் எழுதியதுதான் நடந்தது என்று ஆகிவிடும். பட்டது போதும்.

குழு உட்கார்ந்த அறை சின்னது. மின்விசிறி எண்ணெய் காணாத வண்டி மாதிரி சத்தம் போட்டது. ஒரு பக்கம் நான். எதிர்ப்பக்கம் கட்சி வக்கீல், அவருக்குப் பக்கத்தில் என் மகன். காலையில் ஒரே வீட்டிலிருந்துதான் கிளம்பினோம், வேறு வேறு ஆட்டோவில்.

நீதிபதி ஐயா கேட்டார். "உங்க கணவர் தலைவரைக் காப்பாத்தப் பாய்ஞ்சாருன்னு பதிவாகியிருக்கு. நீங்க அதைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?"

"பாயலீங்க. வந்தாரு."

கட்சி வக்கீல் எழுந்து, "தியாகத்தைக் கொச்சைப்படுத்தக் கூடாது" என்றார். "ஐயா, நீங்க அவர பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். "நான் அவரோட குடும்பம் நடத்தினவ. கொஞ்சம் உக்காருங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டார். உட்காருவார் என்று நானே நினைக்கவில்லை.

நீதிபதி ஐயா கொஞ்ச நேரம் காகிதத்தைப் புரட்டினார். "அம்மா, ஒண்ணு உங்களுக்குப் புரியுதா? பாய்ஞ்சவர்னா அது ஒரு மாதிரி. உதவி பண்றேன்னு சொன்னவர் மேல சுட்டார்னா இந்தக் கைதி பண்ணினது இன்னும் மோசம். அதை அவரே வந்து சொல்லியிருக்கார். இதுக்கப்பறம் நீங்க என்ன சொல்றீங்க?"

நிஜமாகச் சொல்கிறேன், நாற்காலியில் உட்காரும்வரை எனக்குத் தீர்மானம் இல்லை. வாயைத் திறந்தபோது வந்தது இதுதான்.

"ஐயா, நான் யாவாரி. சரக்குல எங்க ஓட்டைன்னு அவனாவே காட்டி விக்கிறவன்கிட்டதான் நான் வாங்குவேன். அவன் யோக்கியன்னு இல்ல. இனிமே ஏமாத்த மாட்டான்னு. இந்தாளு என் வாழ்க்கைய நாசம் பண்ணினவன். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா எத்தனையோ பெரிய மனுஷங்க மாலையும் கையுமா வீட்டுக்கு வந்தாங்க. அவரு காலு வலியோட சுத்தி வந்தாருன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. சொன்னா உள்ளயே கெடக்கணும்னு தெரிஞ்சே இவன் சொன்னான். அவன விட்டுருங்க."

"மன்னிச்சிட்டீங்களா?"

"இல்லீங்க. விட்டுருங்கன்னுதான் சொன்னேன்."

எழுதுகிறவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "அதையே எழுதிக்குங்க" என்றார் நீதிபதி.

பிறகு மகனைப் பார்த்து, "உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். வக்கீல் அவன் முழங்கையைத் தொட்டார். அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் முறை கேட்டதும், "எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லீங்க" என்றான். உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்கே அவனுக்குச் சீட்டு போய்விட்டது. ஒரு மார்பிள் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். கட்சி ஆபீஸில் படத்தையும் இறக்கிவிட்டார்களாம். மகன் வீட்டில் சாப்பிடுகிறான், பேசுவதில்லை. நேற்று மட்டும் தட்டைக் கழுவிக்கொண்டே, "அப்பாவுக்கு எந்தக் காலும்மா வலிக்கும்?" என்றான். சொன்னேன். அதற்குமேல் அவனும் கேட்கவில்லை. வரட்டும், அவசரமில்லை. அவன் என் பிள்ளை, நஷ்டம் வந்தால் எழுந்துவிடுவான்.

இனி உன் காரியம். மன்னிப்புக் கேட்டு எழுதுவேன் என்றிருந்தாய். எழுதாதே. கேட்டுவிட்டால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். என்னிடம் பதில் இல்லை, வரும் என்றும் தோன்றவில்லை. நீ வெளியே வர வேண்டும். என் எதிரில் வரக் கூடாது. இரண்டையும் ஒரே வாயால்தான் சொல்கிறேன், ஒன்றை வைத்து இன்னொன்றைச் சந்தேகப்படாதே.

உன் தங்கை ஊருக்குப் போகிற பஸ் எங்கள் கடைத்தெரு வழியாகத்தான் போகும், வேறு வழி கிடையாது. கடைக்கு எதிரிலேயே நிறுத்தம். ஆள் ஏறி இறங்கும்வரை நிற்கும். வெளியில் வாளி அடுக்கியிருக்கும், உள்ளே நான் உட்கார்ந்திருப்பேன். உன்னைப் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது.

தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். இறங்கவும் வேண்டாம்.